ஆயில் பிரஷர் கேஜ்: அளவுமானியா, அழுத்தமானியா?

பழைய ஜீப் ஒன்றை வைத்திருக்கும் நண்பர், என்ஜின் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் ஆயில் பிரஷர் கேஜ் ஒன்றை வாங்கி அதில் பொருத்தினார். அதனுடன் வந்த தமிழ்க் குறிப்புத் தாள், ‘எண்ணெய் அளவுமானியைப் பொருத்தும் முறை’ என்று தொடங்கியது. ‘அளவுமானி’ என்ற இந்தச் சொல்லை இதற்கு முன்பும் பலமுறை கண்டு பொறுத்துக்கொண்டிருக்கிறேன். இம்முறை முடியவில்லை. நண்பர் அதை அப்படியே நம்பிவிட்டார். என்ஜின் சூடானதும் முள் தாழ்வதைக் கண்டு, எண்ணெய் குறைந்துவிட்டதாக நினைத்து ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டார்.

கேஜ் என்ற சொல் பழைய வடபிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அளவுகோல் என்பது அதன் பொருள். தண்டவாளங்களின் இடைவெளியைக் குறிக்கும் கேஜும் இதுவே. பிரஷர், ‘அழுத்து’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. நம் எண்ணெய், எள் + நெய். எள்ளிலிருந்து எடுத்ததை மட்டும் குறித்த சொல் என்ஜின் வரை விரிந்துவிட்டது. இவற்றில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

வழக்கெல்லாம் ‘அளவுமானி’யோடுதான். மானி என்பதே ‘மானம்’, அதாவது அளவு என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வெப்பத்தை அளப்பது வெப்பமானி. காற்றின் பாரத்தை அளப்பது பாரமானி. முன்னால் நிற்கும் சொல், எதை அளக்கிறோம் என்று சொல்கிறது. அளவுமானி எதை அளக்கிறது? அளவை. அளவை அளக்காத கருவி உலகில் உண்டா? ‘எரிபொருள் அளவுமானி என்கிறோமே’ என்று சிலர் வாதிடுகிறார்கள். அங்கே அது பொருந்தும். தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதுதான் அந்தக் கருவி காட்டும் செய்தி. அதே பலகையில், அதற்குப் பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு வட்டத்துக்கும் அதே பெயரைச் சூட்டினால், படிப்பவர் ‘எவ்வளவு எண்ணெய் இருக்கிறது’ என்றுதான் புரிந்துகொள்வார். என்ஜினில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதை, இழுத்துப் பார்க்கும் அளவுக்குச்சிதான் சொல்லும். இந்தக் கருவிக்கு அந்த வேலை இல்லை.

இதன் வேலை வேறு. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது; சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளின் நுண்ணிய இடைவெளிகள் அந்த ஓட்டத்தைத் தடுக்கின்றன. அந்தத் தடையால் எழுவதே அழுத்தம். எண்ணெய் சூடாகி நீர்த்தால் தடை குறையும், முள் தாழும். ஓரளவுக்கு அது இயல்பு. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றாலும் முள் தாழும், அது நோய். செங்குத்தான சரிவில் வண்டி சாய்ந்து நிற்கும்போது, கீழ்த்தொட்டியில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி, உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்தாலும் முள் விழும். கரடுமுரடான பாதையில் ஓடும் பழைய வண்டிக்கு இந்தக் கருவி வேண்டும் என்று சொல்வதே இதனால்தான். நண்பர் செய்ததைப் போல எண்ணெயை மிகையாக ஊற்றினால், சுழலும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் மேலும் விழும். ஒரு தவறான சொல், செய்யக் கூடாததையே செய்ய வைத்தது.

மின்சாரம் இல்லாமல் இயங்கும் பழைய வகைக் கருவியினுள் இருப்பதும் அழுத்தத்தை உணரும் பொறிதான். யூஜின் போர்டன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய் அது. ஊதினால் சுருள் நிமிரும் காகித ஊதலைப் போல, உள்ளே அழுத்தம் ஏறினால் சற்றே நிமிர்ந்து முள்ளைத் திருப்பும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இந்தக் கருவி தனியாகவே இருந்தது. பின்னால் வந்த பல வண்டிகளில் ஒரு எச்சரிக்கை விளக்கே மிஞ்சியது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 7 பவுண்டுக்குக் கீழே போன பிறகுதான் பெரும்பாலும் அது எரியும்.

அந்த விளக்கைத் தாள் ‘எண்ணெய் விளக்கு’ என்கிறது. தமிழில் எண்ணெய் விளக்கு என்றால் திரி போட்டு ஏற்றுவது. மின்வகைக் கருவியில் அழுத்தத்தை உணர்ந்து மின்குறிப்பாக அனுப்பும் ‘சென்டர்’ என்ற உறுப்பை ‘அனுப்புநர்’ ஆக்கியிருக்கிறார்கள். கடிதத்தின் ஓரத்தில் எழுதும் சொல் என்ஜினில் திருகப்பட்டிருக்கிறது. அழுத்த உணரி என்றால் போதாதா? தனியாக வாங்கிப் பொருத்தும் கருவி என்று சொல்ல, ‘ஆஃப்டர்மார்க்கெட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘சந்தைக்குப் பிந்தைய’ என்கிறார்கள். எந்தச் சந்தைக்குப் பிந்தையது? உணரியின் மரையில் டேப்பை மிகையாகச் சுற்றினால் எர்த் கிடைக்காது என்ற எச்சரிக்கை, ‘பூமி கிடைக்காது’ என்று வந்திருக்கிறது. வண்டியில் எர்த் என்பது வண்டியின் உலோக உடல். அகராதியில் முதலில் நிற்கும் பொருளைப் பெயர்த்து வைப்பது மொழிபெயர்ப்பாகாது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காதவர் அதற்குப் பெயர் வைக்கக் கூடாது.

தனித்தமிழ் விரும்புவோர் மானியை விடுத்து ‘அழுத்த அளவி’ என்கிறார்கள். அள என்ற வேரிலிருந்து வந்த நல்ல ஆக்கம், மனமார ஏற்கிறேன். இலங்கைத் தமிழரின் ‘அமுக்கமானி’யும் அதே தெளிவுடையது. என்ஜின் எண்ணெயைத் தனித்துச் சொல்ல வேண்டுமானால் உயவு எண்ணெய் என்பேன். மசகு எண்ணெய் வேண்டாம். இலங்கை நாளிதழ்களில் அது கச்சா எண்ணெயைக் குறிக்கிறது. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், அழுத்தம் என்ற கருத்து மட்டும் பெயரிலிருந்து விழக் கூடாது. பழகிய பாடநூல் மரபை ஒட்டி நான் எழுதுவது எண்ணெய் அழுத்தமானி.

நண்பர் கூடுதல் எண்ணெயை வடித்துவிட்டார். பழைய விளக்கின் சுவிட்சும் புதிய உணரியும் ஒரே துளையில் சேர்ந்து நிற்க மும்முனை இணைப்பு ஒன்றையும் மாட்டியிருக்கிறார். அந்தத் தாளில் ‘அளவுமானி’ 11 இடங்களில் இருந்தது. அத்தனையையும் அடித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.