ஊராட்சிக்கு ஒரு குழந்தைகள் பாதுகாப்புக் குழு: அது எதற்கு, அதை என்ன கேட்கலாம்?

ஏற்காடு மலையில் ஒரு கிராம சபைக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். தண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலைச் சம்பளப் பாக்கி எல்லாம் பேசி முடித்து ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, "ஏனுங்க சார், குழந்தைங்க பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு இருக்குதாமே, அதுல யாருங்க இருக்கறாங்க?" என்று கேட்டார். செயலர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். நான்கு கூட்டங்களின் பதிவு இருந்தது. நான்கிலும் ஒரே வரி: "குழந்தைகளுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை என விவாதிக்கப்பட்டது." தேதி மட்டும் மாறியிருந்தது. கையெழுத்துப் போட்ட உறுப்பினர்களில் ஒரு டீச்சர் மாற்றலாகிப் போய் அப்போதே ஒரு வருடம் ஆகியிருந்தது.

அந்த நோட்டில் உண்மையில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2009-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில்தான் கிராம அளவுக் குழு என்ற ஏற்பாடு வந்தது. அந்தத் திட்டம் இப்போது மிஷன் வாத்சல்யா என்ற பெயரில் நடக்கிறது. குழு ஏற்பாடு தொடர்கிறது. குழுவுக்குத் தலைவர் ஊராட்சித் தலைவர். அங்கன்வாடி டீச்சர், கிராம சுகாதார நர்ஸ், பள்ளி ஆசிரியர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர், ஊரில் மதிப்புள்ள சிலர், இவர்களோடு குழந்தைகளின் பிரதிநிதிகளாக இரண்டு பேர். ஆமாம், இரண்டு குழந்தைகள். பல ஊர்களில் விடுபட்டுப்போவது இந்த இரண்டு பேர்தான். இதற்கு மேலே ஒன்றிய அளவில் ஒரு குழு உண்டு. அதில் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) உறுப்பினர் செயலர்.

சேலம் மாவட்டத்தில் கிராம ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. "தலைவர் இல்லைங்க, அதனால குழுவும் இல்லை" என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. தலைவரின் வேலைகளைப் பார்க்கத்தான் தனி அலுவலரைப் போட்டார்கள். குழுவையும் அவர்தான் கூட்ட வேண்டும்.

குழந்தைகளைக் காக்கிற ஏற்பாடு சேலத்துக்குப் புதிதல்ல. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதே இந்த மாவட்டத்தில்தான். ஆனால் வளர்க்க முடியாத குழந்தையைக் கொண்டுவந்து விடுகிற தொட்டில் என்பது கடைசிக் கட்டத்தில் வைக்கிற ஏற்பாடு. ஊர்க்குழுவின் வேலை அதற்கு வெகு முன்னால் தொடங்குகிறது. எந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்தியது, எந்த எஸ்டேட் லைன் வீட்டுக்கு வெளிமாநிலக் குடும்பம் புதிதாக வந்திருக்கிறது, அப்பா அம்மா இல்லாமல் பாட்டியிடம் வளர்வது யார், எந்தச் சின்னப் பையன் மிளகு பறிக்கப் போகிறான் என்று பேர் பேராகத் தெரிந்து வைத்திருப்பதுதான் அந்த வேலை. ஊரில் நாலு பேருக்கு இதெல்லாம் எப்படியும் தெரிந்திருக்கும். அதை ஓர் அதிகாரியின் காதுக்குக் கொண்டுபோகிற வழியாகத்தான் இந்தக் குழுவை வைத்திருக்கிறார்கள்.

சரி, குழு செய்யக் கூடாதது என்ன? பஞ்சாயத்து பேசக் கூடாது. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. ஊராட்சித் தலைவர், ஊர்க்கவுண்டர், பெரியவர்கள் எல்லாம் ஒரே திண்ணையில் உட்கார்ந்துவிட்டால், "நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்ற வார்த்தை தானாக வந்துவிடும். குழந்தைக்குப் பாலியல் துன்பம் நடந்திருந்தால் அங்கே பேசி முடிக்க எதுவுமே இல்லை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை போகும். நல்ல எண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது.

"ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா புள்ளை பயந்துரும்" என்பார்கள். நியாயமான பயம். ஆனால் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அதற்குப் பிடித்த இடத்திலோ எடுக்க வேண்டும், முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும், யூனிபார்ம் போட்டு வரக் கூடாது என்கிறது சட்டம். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது.

அப்புறம் குழந்தைத் திருமணம். ஒரு கற்பனைக் கணக்காக எடுத்துக்கொள்வோம். நாகலூர் பக்கம் ஒரு பெண், பதினோராம் வகுப்பு, வயது பதினாறு. தையில் முகூர்த்தம் என்று அங்கன்வாடி டீச்சருக்குக் காது வழியாக வருகிறது. அவர் முதலில் செய்ய வேண்டியது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடுவது. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் என்பது மாவட்டச் சமூக நல அலுவலர்தான். அவருக்கும் தகவல் போக வேண்டும். கல்யாணத்துக்கு நாள் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்கலாம். தடையை மீறிக் கட்டிய தாலி சட்டப்படி முதலிலிருந்தே செல்லாது.

தடை இல்லாமல் கல்யாணம் நடந்துவிட்டால்? அது தானாகச் செல்லாமல் போவதில்லை. அந்தப் பெண் மனுப் போட்டு ரத்து செய்துகொள்ளலாம். பதினெட்டு முடிந்து இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். நடத்தி வைத்தவர்கள், ஏற்பாடு செய்தவர்கள், வயது தெரிந்தும் கலந்துகொண்டவர்களுக்கு இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தச் சட்டத்தில் பெண்களுக்குச் சிறை கிடையாது, அபராதம் உண்டு. இன்னொன்று, மனைவி என்றாலும் பதினெட்டு வயதுக்குள் உடலுறவு குற்றமே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த ஒரு வரியைச் சொன்னாலே பல இடங்களில் முகூர்த்தம் தள்ளிப்போகும்.

வயதுக்கு எதைப் பார்ப்பது? ஆதாரை எடுத்து நீட்டுவார்கள். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் சொல்லும் வரிசை வேறு. முதலில் பள்ளி தந்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையென்றால்தான் மருத்துவப் பரிசோதனை. அந்தப் பட்டியலில் ஆதார் இல்லவே இல்லை.

மீட்ட குழந்தையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டிய ஊர்களுக்கு இது பெரிய விஷயம். நலக் குழு என்பது ஊர்க்குழு அல்ல. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட, மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ள அமைப்பு. அவர்கள் கூடாத நாளில் ஒரு உறுப்பினர் முன்னால் நிறுத்தினாலும் போதும். குழந்தையை இல்லத்தில் விடுவதா வீட்டுக்கே அனுப்புவதா என்று முடிவெடுப்பது அவர்கள்தான். ஊர்ப் பெரியவர்கள் அல்ல, போலீசும் அல்ல.

சேலம் மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு இதே வேலை வார்டு அளவில் நடக்க வேண்டும். அறுபது வார்டு, அதற்கு வார்டு குழு, கீழே பகுதி சபை. கவுன்சிலரைப் பிடித்துக் கேளுங்கள். சாக்கடைக்கும் குப்பைக்கும் கேட்கிற அதே இடத்தில் இதையும் கேட்கலாம்.

கிராம சபையில் என்ன கேட்பது என்பதிலும் ஒரு கவனம் வேண்டும். எந்தக் குழந்தையின் பெயரையும், இன்னார் வீட்டுப் பெண் என்று அடையாளத்தையும் அங்கே சொல்லாதீர்கள். சட்டப்படித் தப்பு, அந்தப் பிள்ளைக்கும் அது இன்னொரு அடி. தனி விஷயம் என்றால் 1098, இல்லாவிட்டால் போலீஸ். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவரைக் கேளுங்கள். சபையில் கேட்க வேண்டியது குழுவைப் பற்றி. உறுப்பினர்கள் யார் யார்? கடைசியாக எப்போது கூடினார்கள்? பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள்? பள்ளிக்குப் போகும் வழியில் எத்தனை விளக்கு எரியவில்லை, மூடாத கிணறு எத்தனை? விளக்கு ஊராட்சியின் கட்டாயக் கடமை. "அதற்கும் குழந்தை பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை" என்று தள்ளிவிட விடாதீர்கள். மாலை ஆறரைக்குக் கடைசி பஸ்ஸில் இறங்கி மிளகுத் தோட்டம் வழியாக நடக்கிற பெண்ணைக் கேட்டால் சொல்வாள்.

கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு சபை இருக்கிறது. ஐநூறு பேருக்கு மேல் மூவாயிரம் வரை உள்ள ஊராட்சி என்றால் நூறு பேர் வந்தால்தான் கோரம் (சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை), அதனால் தனியாகப் போகாமல் சுய உதவிக் குழு அக்காக்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கட்டணம். "கடந்த இரண்டு ஆண்டுகளில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடிய தேதிகள், உறுப்பினர் பட்டியல், கூட்டப் பதிவேட்டின் நகல்" என்று மட்டும் கேளுங்கள். நீட்டி எழுத வேண்டாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. நகலில் நான்கு கூட்டத்துக்கும் ஒரே வரி இருந்தால், அதையே எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போகலாம்.