லீப்-ஃப்ராகின் பூட்ஸும் தவளையின் கணுக்காலும்

மார்வெல் காமிக்ஸின் வில்லன்களைப் பட்டியலிடச் சொன்னால் லீப்-ஃப்ராகின் பெயர் யாருக்கும் எளிதில் நினைவுக்கு வராது. 1967 பிப்ரவரி தேதியிட்ட டேர்டெவில் 25ஆம் இதழில், ஸ்டான் லீயின் எழுத்திலும் ஜீன் கோலனின் ஓவியத்திலும் அறிமுகமானவன். இயற்பெயர் வின்சென்ட் பட்டிலியோ. தன் கண்டுபிடிப்புகளால் காசு பார்க்க முடியாமல் நொந்துபோனவன். மின்சாரத்தில் இயங்கும் ஸ்பிரிங் சுருள்களைக் காலணியில் பொருத்தி, தவளை வேடம் போட்டுக்கொண்டு திருடக் கிளம்புகிறான். கதிர்வீச்சு, மரபணு மாற்றம், மந்திரக்கல் எதுவும் அவன் கதையில் இல்லை. விலங்கின் திறனைக் கடன் வாங்கிய காமிக்ஸ் வில்லன்களில் அறிவியலுக்கு மிக நெருக்கமாக வந்தவர்களில் ஒருவனாக அவனை நான் மதிப்பது அதனால்தான். தவளையும் ஸ்பிரிங்கை நம்பித்தான் தாவுகிறது.

தாவலில் வலிமையைவிட முக்கியமானது நேரம். கால் தரையை உதைக்கத் தொடங்கிய கணத்துக்கும் பாதம் தரையை விட்டு எழும் கணத்துக்கும் இடையில் எவ்வளவு ஆற்றலைச் செலுத்த முடிகிறதோ, அவ்வளவுதான் உயரம். அந்த இடைவெளி மிகச் சிறியது. கால் குட்டையாக இருந்தால் இன்னும் சிறியது. தசையோ அவசரத்துக்கு உதவாது. மெதுவாகச் சுருங்கும்போது நிறைய விசை தரும். வேகமாகச் சுருங்கச் சொன்னால் விசை குறைந்துவிடும். கியூபா மரத்தவளையை அளந்து பார்த்தவர்கள், தாவலின் உச்சத்தில் வெளிப்படும் திறன், அதாவது ஒரு நொடிக்குச் செலுத்தும் ஆற்றல், அதன் தசைகளால் நேரடியாகத் தர முடிந்ததைப்போல் ஏழு மடங்காவது இருப்பதைக் கண்டார்கள். மீதி எங்கிருந்து வருகிறது?

இதற்கான பதிலை எக்ஸ்-ரே படமாகவே எடுத்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஆஸ்ட்லியும் தாமஸ் ராபர்ட்ஸும். உடலில் சிறுத்தைபோல் புள்ளிகள் கொண்ட ஒரு வகைத் தவளையின் காலெலும்பிலும், கணுக்காலிலும், கெண்டைக்கால் தசையிலும் மிகச்சிறிய உலோக மணிகளைப் பதித்து, அது தாவுவதை அதிவேக எக்ஸ்-ரே கேமராவில் பதிவு செய்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வு காட்டிய வரிசை இது: முதலில் தசை சுருங்குகிறது, கணுக்கால் அசையவில்லை. சுருங்கும் தசை, தன்னை எலும்போடு பிணைக்கும் தசைநாணை இழுத்து நீட்டுகிறது. பிறகே கணுக்கால் விரியத் தொடங்குகிறது. நீண்டிருந்த தசைநாண் படாரென்று பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. வில்லாளி நாணை நிதானமாக இழுப்பதும் அம்பு நொடிப்பொழுதில் பறப்பதும் போலத்தான். வில் புதிதாக ஆற்றல் எதையும் உண்டாக்குவதில்லை. கை மெதுவாகக் கொடுத்ததை அது வேகமாகத் திருப்பிக் கொடுக்கிறது. தசைநாணும் அதையேதான் செய்கிறது.

காலின் நீளமும் துணைக்கு வருகிறது. தவளையின் கணுக்கால் எலும்புகள் இரண்டு நீண்டு வளர்ந்து, காலுக்கு இன்னொரு துண்டே கிடைத்ததுபோல் ஆகியிருக்கின்றன. உதைக்கும் தூரம் கூடினால் உதைக்கும் நேரமும் கூடும்.

பட்டிலியோ அச்சில் தோன்றிய அதே 1967இல், பென்னெட்-கிளார்க், லூசி என்ற இரு ஆய்வாளர்கள் தெள்ளுப்பூச்சியின் தாவலைப் பற்றிய தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன் பின்னங்கால் தரையை உதைக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி. எந்தத் தசையாலும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பின்னங்காலுக்கு மேலே, ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதத்தால் ஆன சிறு திண்டு அமுக்கப்பட்டுக் காத்திருக்கிறது. கொக்கி விடுபட்டதும் பூச்சி பறக்கிறது. பின்னாளில் கேம்பிரிட்ஜின் மால்கம் பர்ரோஸ், செடித்தண்டில் நுரைக்குள் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கும் ஒரு தத்துப்பூச்சியை அளந்தார். ஆறு மில்லிமீட்டர் நீளமே உள்ள அது 70 சென்டிமீட்டர் உயரம் எழும்புகிறது. கிளம்பும்போது அதன் உடல் தாங்கும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 400 மடங்குக்கும் மேல்!

இனி பட்டிலியோவின் பூட்ஸுக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ளவன், ஆறு மாடி உயரத்துக்கு, அதாவது 18 மீட்டர் எழும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவைப்படும் ஆற்றல் சுமார் 12,000 ஜூல். இது பெரிய தொகையே அல்ல. நம் கைபேசியின் பேட்டரியில் இதைப்போல் நான்கு மடங்கு இருக்கிறது. சிக்கல் மறுபடியும் நேரத்தில்தான். தரையை விடும்போது அவன் வேகம் மணிக்கு 68 கிலோமீட்டர் இருந்தாக வேண்டும். மடக்கிய காலை நிமிர்த்தக் கிடைப்பதோ 40 சென்டிமீட்டர் தூரம். அப்படியானால் மொத்த உதையும் 43 மில்லிவிநாடியில் முடிந்துவிட வேண்டும். முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 45 மடங்கு.

இந்த எண்ணைத் தொட்டுப் பார்த்த மனிதர் ஒருவர் உண்டு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், 1954 டிசம்பரில் ராக்கெட் வண்டியில் தன்னை இறுகக் கட்டிக்கொண்டு மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து, சடாரென்று நின்றார். உச்சத்தில் 46.2 மடங்கு. கண்ணின் ரத்தக்குழாய்கள் வெடித்து, சிறிது நேரம் பார்வையே இல்லாமல் போனது, ஆனாலும் பிழைத்தார். அவர் மீது அந்த விசை பாய்ந்தது மார்புக்கு நேராக. லீப்-ஃப்ராகுக்கோ அது முதுகெலும்பின் வழியே கீழிருந்து மேலாக ஏறும். போர்விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியே வீசப்படும் விமானிகளுக்கு, இருபது மடங்குக்குள் இருக்கும்போதே முள்ளெலும்பு முறிவதுண்டு.

ஸ்பிரிங்கின் எடை வேறு இருக்கிறது. ஒரு கிலோ எஃகுச் சுருளில் சேமிக்க முடிவது சில நூறு ஜூல்தான். 12,000 ஜூலுக்கு நாற்பது ஐம்பது கிலோ எஃகாவது வேண்டும். அதைச் சுமந்து தாவ இன்னும் அதிக எஃகு வேண்டும். தசைநாண் இந்த இடத்தில் எஃகை எளிதாகத் தோற்கடிக்கிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அதில் அடங்கும் மீள்ஆற்றல் எஃகைப்போல் பல மடங்கு.

இறங்குவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏறிய அதே வேகத்தில்தான் தரைக்குத் திரும்ப வேண்டும். கரும்புத் தேரை இதற்கு முன்னேற்பாடு செய்கிறது: தரையைத் தொடுவதற்கு முன்பே முன்னங்கால் தசைகள் இறுகத் தொடங்கிவிடும்; தாவல் நீளமாக இருந்தால் இறுக்கமும் அதற்கேற்பக் கூடும். பட்டிலியோவின் உடையில் அப்படி ஓர் ஏற்பாட்டை யாரும் வரைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மின்சாரத்தால் ஸ்பிரிங்கை ஏற்றுவது என்ற யோசனை தவளையையே மிஞ்சக்கூடியது. ஒரு தாவலுக்குத் தவளையின் தசை ஒரே ஒரு முறைதான் சுருங்க முடியும். மோட்டாரோ எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றி, சிறுகச் சிறுக முறுக்கேற்றிக்கொண்டே போகலாம். சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எலியட் ஹாக்ஸ் குழு, 2022இல் இதைச் செய்து காட்டியது. கார்பன் இழை விற்களும் ரப்பர் பட்டைகளும் கொண்ட அவர்களுடைய ரோபோவின் உயரம் 30 சென்டிமீட்டர், எடை 30 கிராம். மோட்டார் நிதானமாக முறுக்கேற்றிய பிறகு கொக்கி விடுபட்டால், சுமார் ஒன்பது மில்லிவிநாடியில் தரையை விட்டு, 30 மீட்டருக்கும் மேலே எழும்புகிறது. முறிவதற்கு அதனுள் முதுகெலும்பு இல்லை. ஈர்ப்பு குறைந்த, காற்றில்லாத நிலவில் அதே ரோபோ 125 மீட்டர் உயரமும், ஒரே தாவலில் அரை கிலோமீட்டர் தூரமும் போகும் என்று அந்தக் குழு கணக்கிட்டிருக்கிறது. சக்கர வண்டி இறங்க முடியாத பள்ளங்களை ஆராய அனுப்பலாம் என்பது அவர்களின் திட்டம்.