அக்கார்டியன் என்னும் இசைத்துருத்தி

தோள்வார்களால் மார்போடு அணைத்து, வலக்கையால் கட்டைகளையோ பொத்தான்களையோ அழுத்தி, இடக்கையால் மடிப்புத் துருத்தியை இழுத்தும் அமுக்கியும் வாசிக்கும் கருவி அக்கார்டியன். நம் ஆர்மோனியத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டிலும் ஒலி பிறப்பது ஒரே முறையில்தான். உலோகத் தகட்டில் நீளவாக்கில் ஒரு துளை வெட்டி, அதன்மேல் மெல்லிய நாக்கு ஒன்றை ஒரு முனையில் மட்டும் அறைந்திருப்பார்கள். காற்று அந்தத் துளை வழியே புகும்போது நாக்கு அதிர்கிறது, சுரம் எழுகிறது. இதை ரீடு என்கிறோம். நாகசுரத்தின் சீவாளியும் காற்றில் அதிர்வதுதான். ஆனால் அங்கே சுரத்தை முடிவு செய்வதில் குழலுக்கும் விரல் மூடும் துளைகளுக்கும் பங்கு உண்டு. ரீடில் குழல் இல்லை. ஒரு நாக்குக்கு ஒரு சுரம், அவ்வளவே.

இந்தக் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? முதலில் அதன் சொந்தப் பெயருக்கு வருவோம். 1829ஆம் ஆண்டு மே மாதம், வியன்னாவில் ஆர்கனும் பியானோவும் செய்துவந்த சிரில் டெமியான் தம் இரு மகன்களோடு சேர்ந்து ஒரு சிறு பெட்டிக்குக் காப்புரிமை கேட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் அக்கார்டியோன். ஜெர்மன் மொழியில் அக்கோர்ட் என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்களின் கூட்டு; சுரக்கூட்டு எனலாம். டெமியானின் பெட்டியில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம் அல்ல, ஒரு சுரக்கூட்டே ஒலித்தது. துருத்தியை இழுக்கும்போது ஒன்று, அமுக்கும்போது வேறொன்று. ஆகவே ஐந்து கட்டைகளில் பத்துச் சுரக்கூட்டுகள். பாட்டுக்குப் பக்கத்துணையாக வாசிக்கத்தான் அது பிறந்தது என்பது பெயரிலேயே எழுதியிருக்கிறது.

அக்கோர்ட் என்ற சொல்லின் வேரைத் தோண்டினால் இலத்தீனில் இதயத்தைக் குறிக்கும் 'கோர்' கிடைக்கிறது. இதயத்தோடு இதயம் சேர்வது, உடன்படுவது என்பது முதற்பொருள். உடன்பாட்டைக் குறித்த சொல் பிறகு சுரங்களின் உடன்பாட்டையும் குறித்தது. தமிழ் அறிந்தவருக்கு இது வியப்பாக இருக்காது. 'அவன் இசைந்தான்' என்றால் ஒப்புக்கொண்டான் என்று பொருள். இசைவு என்றால் சம்மதம். இசை என்றால் சங்கீதம். ஐரோப்பிய மொழிகள் நடந்துவந்த அதே வழியைத் தமிழும் தனியே நடந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது. இதைக் கண்டதும் அக்கார்டியனுக்கு 'இசைவுப்பெட்டி' என்று பெயரிடத்தான் முதலில் கை போயிற்று. ஆனால் அந்தக் கருவியின் இடப்பக்கத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் நிற்காது.

முழு அளவுப் பியானோ அக்கார்டியனின் வலப்பக்கத்தில் 41 கட்டைகள், இடப்பக்கத்தில் 120 பொத்தான்கள். இந்த 120, இருபது இருபதாக ஆறு வரிசைகளில் அமைந்திருக்கும். இரண்டு வரிசைகள் தனி மந்தர சுரங்களுக்கு. மற்ற நான்கு வரிசைகளில் ஒரு பொத்தானைத் தொட்டால் முழுச் சுரக்கூட்டு ஒன்று ஒலிக்கும். டெமியானின் எண்ணம் இந்த 80 பொத்தான்களில்தான் இன்றும் உயிரோடு இருக்கிறது. பாரிஸின் நடனக் கூடங்களிலும், அமெரிக்காவின் லூசியானாவில் கிளிப்டன் செனியே வளர்த்த சைடெக்கோ இசையிலும், ஒரு காலத் தமிழ், இந்தித் திரைப்பாடல்களிலும் இந்தக் கருவி பரவியதற்கு இதுவே பெருங்காரணம். ஒரு கையில் மெட்டு, மறு கையில் தாளமும் சுரக்கூட்டும். ஒரே ஆள் ஒரு சிறு வாத்தியக் குழுவுக்குச் சமம்.

செவ்வியல் மேடைக்கு அதே பொத்தான்கள் தடையாக நின்றன. முன்கூட்டியே கட்டிவைத்த சுரக்கூட்டை வைத்துக்கொண்டு ஜெர்மானிய இசைமேதை பாக்கின், பல மெட்டுகள் ஒரே நேரத்தில் செல்லும் பலகுரல் இசையை எப்படி வாசிப்பது? அங்கே இடக்கையும் தனித்தனிச் சுரங்களால் தனக்கென ஒரு மெட்டை நடத்தியாக வேண்டும். ருஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி 1883இல் எழுதிய இரண்டாம் வாத்தியத் தொகுப்பில் நான்கு அக்கார்டியன்களுக்கு இடம் கொடுத்தார். அதுவும் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான். 1925இல் பெர்லினில் அரங்கேறிய, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆல்பன் பெர்கின் 'வோட்செக்' இசைநாடகத்தில் மதுக்கடைக் காட்சியில் அக்கார்டியன் ஒலிக்கிறது. மேடை ஏறியது உண்மை, ஆனால் மதுக்கடையின் அடையாளமாக ஏறியது.

நிலைமை மாறியது, இடக்கைக்கும் தனிச்சுரப் பொத்தான்கள் கொண்ட கருவிகள் பரவிய பிறகுதான். டென்மார்க்கின் மோகென்ஸ் எல்லெகார்ட் அப்படிப்பட்ட கருவியை ஏந்தித் தம் நாட்டு இசையமைப்பாளர்களிடம் புதிய படைப்புகளைக் கேட்டு வாங்கினார். ருஷ்யாவில் பயான் எனப்படும் பொத்தான் அக்கார்டியனுக்காக, பிரீட்ரிக் லிப்ஸின் வாசிப்பை மனத்தில் கொண்டு, சோபியா குபைதுலினா 1978இல் 'தே புரொபுந்திஸ்' என்ற தனிவாசிப்பை எழுதினார். இத்தாலியின் லூச்சானோ பெரியோ 1995இல் 'செக்குவென்சா' என்ற தம் தனிவாசிப்பு வரிசையில் பதின்மூன்றாவதை அக்கார்டியனுக்கே கொடுத்தார். ஆக, எந்தச் சுரக்கூட்டால் பெயர் பெற்றதோ அதன் பிடியிலிருந்து விடுபட்டுத்தான் அக்கார்டியன் தனிக்கச்சேரிக் கருவியாக நிமிர்ந்தது. 'இசைவுப்பெட்டி' என்றால் நடனக் கூடத்துக் கருவிக்குப் பொருந்தும், குபைதுலினாவின் கருவிக்குக் குறையும்.

இரண்டுக்கும் பொதுவானது எது? துருத்தி. குபைதுலினாவின் அந்தப் படைப்பில் எந்த நாக்கும் அதிராமல் துருத்தியின் காற்று மட்டும் வந்துபோகும் இடங்கள் உண்டு. பெருமூச்சு போலவே கேட்கும். பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால் பிறந்த ஒலி தேய்ந்துகொண்டே போகும். அக்கார்டியனில் பிறந்த சுரத்தைப் பெருக்கவும் நடுங்கவைக்கவும் அடக்கவும் துருத்தி இருக்கிறது. வாசிப்பவரின் திறமை வலக்கை வேகத்தில் தெரிவதைவிட இதில்தான் தெரியும்.

பிற மொழிகளும் இதைக் கண்டிருக்கின்றன. இத்தாலியர் சொல்லும் 'பிசார்மோனிகா'வின் முற்பகுதி, துருத்தியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நார்வேக்காரர்கள் 'இழுத்து வாசிப்பது' என்று பொருள்பட அழைக்கிறார்கள். சீனர்களுக்கு அது 'கைக்காற்று யாழ்' போன்ற ஒன்று. பாரிஸ் கதை இன்னும் சுவையானது. அங்கே மியூசெட் என்பது முதலில் தோற்பைக் கருவியின் பெயர். அந்தப் பை ஒலித்த நடனக் கூடங்களுக்குள் அக்கார்டியன் புகுந்து அதன் இடத்தைப் பிடித்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

தமிழில் துருத்தி புதுச்சொல் அல்ல. கொல்லன் உலைக்குக் காற்றூதும் தோற்பை அது. குறுந்தொகையின் 172ஆம் பாட்டு அதையே 'மிதிதோல்' என்கிறது: ஏழு ஊர்களின் வேலைக்கு ஓர் ஊரில் வைத்த உலைத்துருத்தி. இசைக்கும் இந்தச் சொல்லுக்கும் பழக்கம் உண்டு. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆடிய சின்னமேளக் குழுக்களில் சுருதிக்கு ஒலித்த தோற்பைக் கருவியைத் துத்தி என்றார்கள். ஆற்றின் நடுவே உள்ள திட்டுக்கும் துருத்தி என்ற பெயர் உண்டு. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள குத்தாலம் திருத்துருத்தி ஆனது அப்படித்தான். முன்னே 'இசை' சேர்ந்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது. ஆகவே என் தேர்வு இசைத்துருத்தி.

தோற்பைக் கருவியையும் அப்படிச் சொல்லலாமே என்று கேட்கலாம். அதில் பையோடு குழல்கள் பொருத்தியிருப்பதால் அதைப் பைக்குழல் என்று பிரித்துவிடலாம். அக்கார்டியன் என்றே விட்டால் என்ன என்றும் கேட்கலாம். கச்சேரியே இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல்தான். அலுவலகம், நீதிமன்றம் என்ற பழைய பொருளில் இலங்கையில் மாவட்ட அலுவலகத்துக்கு வழங்கிவந்திருக்கிறது. அதை யாரும் வெளியேற்றப் போவதில்லை. அக்கார்டியனும் இருக்கட்டும். கட்டுரையில் முதன்முறை 'அக்கார்டியன் என்னும் இசைத்துருத்தி' என்று எழுதி, அடுத்த வரியிலிருந்து இசைத்துருத்தி என்றே தொடரலாம். பயான் போன்ற வகைப்பெயர்களையும், அர்ஜென்டினாவின் டாங்கோ இசைக்கலைஞர் பியாசொல்லா வாசித்த பாண்டோனியன் போன்ற உறவுக் கருவிகளின் பெயர்களையும் அப்படியே எழுதுவதே நல்லது. வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். உலைத்துருத்தியை ஊதுவோம், இசைத்துருத்தியை, ஆர்மோனியத்தைப் போலவே, வாசிப்போம்.