மீட்டமைப்பும் ஹாட் ராடும்: ஒரு சொல் விளக்கம்

மதுரைப் பட்டறைகளில் பழைய காருக்கு எந்த வேலை நடந்தாலும் 'வண்டியை ரெடி பண்ணுகிறோம்' என்றுதான் சொல்வார்கள். துருவேறிய தகட்டை வெட்டியெடுத்து, அதே வளைவில் புதுத் தகட்டைப் பற்றவைத்து, பட்டி பார்த்து, முதலில் இருந்த நிறத்தையே அடிப்பதும் ரெடி பண்ணுவதுதான். ஓர் அம்பாசடரின் இன்ஜினை இறக்கிவிட்டு, அதைவிட வலுவான வேறொன்றை ஏற்றுவதும் ரெடி பண்ணுவதுதான். எழுத்துத் தமிழிலும் இரண்டுக்கும் 'புதுப்பித்தல்' என்றே போடுகிறார்கள். முதல் வேலை ரெஸ்டோரேஷன்; வேகத்துக்காக வண்டியை மாற்றும் இரண்டாவது, ஹாட் ராட் வேலை. இந்தக் கலப்பைத் தவிர்ப்பது நல்லது.

ரெஸ்டோரேஷன் என்பது 'முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவருதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கோயில் திருப்பணியில் வழங்கும் 'ஜீரணோத்தாரணம்' என்ற வடசொல் ஏறத்தாழ இதே கருத்தைத் தாங்கியது. சிதைந்ததைத் தூக்கி நிறுத்துதல் என்பது அதன் பொருள். வண்டிக்கு 'மீட்டமைப்பு' என்பதே பொருத்தமான தமிழ். புதுப்பித்தல் என்றால் புதியதாக்குவது என்றாகிவிடும். மீட்டமைப்பிலோ பழையதே திரும்ப வரவேண்டும்.

இத்தகைய பழைய கார்களுக்கு வழங்கும் விண்டேஜ் என்பது முதலில் திராட்சை அறுவடையையும், ஒரு குறிப்பிட்ட ஆண்டின் ஒயினையும் குறித்த சொல். பிற்பாடு காருக்கு ஏறியது. (கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பன்னீர் திராட்சை பறிப்பவர்களுக்கு இந்த ஆண்டுக் கணக்கு விநோதமாகவே படும்.) பிரிட்டிஷ் வழக்கில் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களே விண்டேஜ். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சேசிஸ் எனும் அடிச்சட்டம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டி அப்பெயர் பெறும். அதன் பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். 'தொன்மை வண்டி' என்பது இதற்குப் போதுமான தமிழ்.

ஹாட் ராட் அவ்வளவு எளிதில் பிடிபடாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சூடான கம்பி' என்று வந்து நிற்கும். 1930களில் தென் கலிபோர்னிய இளைஞர்கள், விலை மலிந்து கிடந்த ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களின் மட்கார்டுகளைக் கழற்றி எடையைக் குறைத்து, இன்ஜினின் வலுவைக் கூட்டி, மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு தன் மலிவுக் காரிலேயே எட்டு சிலிண்டர் கொண்ட வி8 இன்ஜினைத் தந்தபின் இந்தப் பழக்கம் இன்னும் சூடுபிடித்தது. 'ஹாட் ரோட்ஸ்டர்' என்பதே குறுகி ஹாட் ராட் ஆயிற்று என்பது ஒரு கருத்து. இன்ஜினுக்குள் இருக்கும் ராடைக் குறித்தது என்பது இன்னொன்று. பெயராக வரும் இடத்தில் 'ஹாட் ராட்' என்றே எழுதலாம். செயலைச் சொல்ல 'வேக உருமாற்றம்' எனலாம்; 'ஆல்டர் பண்ணுவது' என்ற பட்டறை வழக்கு வேகத்துக்காக அல்லாத மாற்றங்களையும் சேர்த்துக்கொள்வதால் அது பரந்த சொல்.

மாற்றம் எல்லாமே மீட்டமைப்புக்குப் பகை என்றும் கொள்ளவேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பெட்ரோல் தட்டுப்பாட்டில், மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் வண்டிகளைக் கரியை எரித்துப் பெறும் வாயுவில் ஓட்டும் கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தது. அப்படியொரு கலன் அன்று பொருத்தப்பட்ட கார் இன்று கிடைத்தால், தொழிற்சாலையில் இல்லாத உறுப்பு என்று அதைக் கழற்றி எறிவதை மீட்டமைப்பு என்று நான் சொல்லமாட்டேன். அதுவும் அந்த வண்டியின் முன்னிருந்த நிலையே.