திருகோணமலையில் ஸ்கான் எடுக்க வேண்டுமா? அரச உரிமையும் காப்புறுதியும்

திருகோணமலையில் அரச காப்புறுதியை ஏற்கும் கதிரியக்க நிபுணர் (ஸ்கான் படத்தை வாசித்து அறிக்கை எழுதும் வைத்தியர்) யார் என்று பலர் தேடுகிறார்கள். கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் பிள்ளைகள் அங்குள்ள நடைமுறையை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், ஆயுஷ்மான் பாரத் அட்டை பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு, இங்கும் அப்படி ஏதோ ஓர் அட்டை இருக்கும் என்று எண்ணுபவர்களும் உண்டு.

இலங்கையில் பொதுமக்கள் எல்லோருக்குமான மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லை. அரச வைத்தியசாலையின் சாதாரண வாட்டிலும் கிளினிக்கிலும் அதற்குத் தேவையும் இல்லை. எக்ஸ்றே, அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ எதுவானாலும் அங்கே நோயாளியிடம் கட்டணம் கேட்பதில்லை. அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் 1951இலேயே நீக்கப்பட்டன. நீங்கள் அஸ்வெசும என்ற அரச உதவித்தொகை பெறுகிறீர்களா, மாதச் சம்பளம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கும் இதில் இடமில்லை. இது சலுகை அன்று, வரி கட்டும் மக்களின் உரிமை. தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.

ஆனால் அரச வைத்தியசாலையில் கதிரியக்க நிபுணரிடம் நேரே போய்ப் பெயர் பதிய முடியாது. உங்களைப் பார்க்கும் வைத்தியர் கோரிக்கைப் படிவம் எழுதித் தர வேண்டும். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவிலோ கிளினிக்கிலோ தொடங்கலாம். அங்கே அந்தப் பரிசோதனை இல்லையென்றால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள். ஈச்சிலம்பற்றிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ ஸ்கானுக்கென்று நேரே நகரத்துக்கு பஸ் ஏறி வந்து, கடிதம் இல்லாமல் திரும்பிப் போவது வீண் அலைச்சல்.

அந்தப் படிவத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கதிரியக்க நிபுணர் பெரும்பாலும் உங்களை நேரில் காண்பதற்கு முன் அந்தச் சில வரிகளைத்தான் பார்க்கிறார். யாருக்கு இன்றே ஸ்கான், யார் சில வாரம் பொறுக்கலாம் என்ற முடிவுக்கு அவையே ஆதாரம். 'வயிற்று வலி' என்று மட்டும் இருந்தால் வரிசையின் கடைசியில் நிற்க நேரிடலாம். வலியோடு எடை குறைந்ததும், மலத்தில் இரத்தம் கண்டதும், குடும்பத்தில் புற்றுநோய் இருந்ததும் எழுதப்பட்டிருந்தால் நிலைமை வேறு. ஆகவே வைத்தியரிடம் கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நம் தாய்மார் பலர் சொல்லாமல் மறைப்பதே இந்த இடத்தில்தான் என்பது எனக்கு மிகுந்த கவலை. திகதி கிடைத்த பிறகு வருத்தம் கூடினால் அந்தத் திகதி வரை காத்திருக்கவும் வேண்டாம். மீண்டும் வைத்தியரிடம் போய், நிலைமை மாறிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

சில நேரம், 'இயந்திரம் பழுது, வெளியில் எடுத்து வாருங்கள்' என்று சொல்லப்படும். உடனே நகையை அடகு வைக்கக் கிளம்பாதீர்கள். இந்தப் பரிசோதனை எவ்வளவு அவசரம், மட்டக்களப்பு அல்லது அநுராதபுரம் போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தர முடியுமா, இதற்குப் பதிலாக இங்கேயே செய்யக்கூடிய வேறு பரிசோதனை உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பல சந்தேகங்களுக்கு அல்ட்ராசவுண்டே போதுமானதாக இருக்கும். அதில் கதிர்வீச்சும் இல்லை.

தனியாரிடம்தான் எடுக்க வேண்டும் என்றால் காப்புறுதி அங்கேதான் பயன்படுகிறது. அரச ஊழியர்களுக்கு உள்ளது அக்ரஹார. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. சம்பளத்தில் மாதாந்தம் கழிக்கப்படும் பணம் அதற்குத்தான். பொதுவாக முதலில் நீங்கள் பணம் கட்டி, பிறகு அலுவலகத்தின் ஊடாக விண்ணப்பித்து மீளப் பெறுவதே வழக்கம். ஆகவே 'அக்ரஹார எடுப்பீர்களா?' என்று ஸ்கான் நிலையத்தில் கேட்பதைவிட, உங்கள் அலுவலகத்தில் அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் முதலில் கேட்பது பயன் தரும். நீங்கள் எந்த வகை அங்கத்துவத்தில் இருக்கிறீர்கள், வாட்டில் தங்காமல் எடுக்கும் ஸ்கானுக்குக் கொடுப்பனவு உண்டா, கடைசித் திகதி எது என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். வைத்தியரின் கோரிக்கைக் கடிதம், மூலப் பற்றுச்சீட்டு, அறிக்கையின் பிரதி ஆகிய மூன்றிலும் நோயாளியின் பெயர் அடையாள அட்டையில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக எழுதுவதால் வரும் சிக்கல் சிறியதன்று.

பாடசாலைப் பிள்ளைக்கென்றால் சுரக்ஷா காப்புறுதி பற்றி அதிபரிடம் விசாரியுங்கள். பெரிய சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு ஜனாதிபதி நிதியத்தை நாடலாம். 2025 முதல் அதற்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க முடிகிறது, கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

தனியார் நிலையத்தைத் தெரிவு செய்யும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அறிக்கையில் கையொப்பமிடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்றும் பார்க்கலாம். படம் எடுப்பவர் கதிர்ப்படப் பிடிப்பாளர். படத்தை வாசித்து முடிவு எழுதுபவரே கதிரியக்க நிபுணர். அரச வைத்திய நிபுணர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாரிடம் பணியாற்ற அனுமதி இருப்பதால், காலையில் அரச வைத்தியசாலையில் இருப்பவரையே மாலையில் பணம் கொடுத்துச் சந்திக்க நேரலாம். பணம் கட்டுவதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

சாய மருந்து ஏற்றும் சிடி ஸ்கான் என்றால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டு செல்லுங்கள். நீரிழிவுக்கு மெட்போமின் குடிப்பவர்கள், சிறுநீரக நோயாளர், முன்பு ஒவ்வாமை வந்தவர்கள், கர்ப்பமாக இருக்கக்கூடியவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் எம்ஆர்ஐ அறைக்குள் நுழைவதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும். அறிக்கையோடு படத்தையும் குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். மட்டக்களப்பில் இன்னொரு நிபுணர் பார்க்கும்போது அதே ஸ்கானுக்கு மறுபடி பணம் கட்டும் நிலை வராது.

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழில் விளக்கும்படி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. விண்ணப்பமோ முறைப்பாடோ தமிழில் எழுதினால் போதும். ஸ்கான் திகதி ஏன் தள்ளிப்போகிறது, இயந்திரம் எப்போது திருத்தப்படும் என்பதற்குப் பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கேட்பது உயிர் தொடர்பான தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்கிறது சட்டம். அதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.