வாரிசு மனுவுக்கு முன் தாத்தாவின் கல்யாணங்களைத் தேடுங்கள்

நீலகிரியில் பாகப்பிரிவினை வழக்குகளும் வாரிசு வழக்குகளும் நடத்துகிற வழக்கறிஞராக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தாத்தா பெயரில் கிடக்கும் அரை ஏக்கர் தேயிலைக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டு மனுப் போடும் முன், அவருக்கு இன்னொரு கல்யாணம் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் கேட்டால் “அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை” என்பார்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் பலர் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் ஏதோ ஒரு காகிதத்தில் அந்த இன்னொரு பெயர் இருக்கும். அதை நீங்கள் முதலில் பார்க்கவில்லை என்றால், எதிர்த்தரப்பு வக்கீல் பார்ப்பார்.

எந்த மாவட்டத்திலும் இது நடக்கக்கூடியதுதான். நம் மலையில் அதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தக் கணக்கில் பல குடும்பங்கள் நடுவே உடைந்தன. புருஷனுக்கு இந்தியக் குடியுரிமை வந்திருக்கும், பெண்சாதிக்கோ வளர்ந்த பிள்ளைக்கோ இலங்கைக் குடியுரிமை கிடைத்திருக்கும். “நான் முதலில் போய் இடம் பார்க்கிறேன், நீ அப்புறம் வா” என்று சொல்லி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் பந்தலூருக்கும் வந்தவர்கள் இருக்கிறார்கள். டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் பேர் பதிந்து, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒண்டிக்கட்டையாக வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 1984-இல் கப்பலும் நின்றது. அதற்குள் சிலர் இங்கேயே வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இலங்கையில் ஹட்டனிலோ பதுளையிலோ விட்டுவந்த பிள்ளைகளும் அந்த மனிதரின் பிள்ளைகள்தான்.

எப்படித் தேடுவது? கல்யாணச் சான்றிதழை எதிர்பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டமே 2009-இல் தான் வந்தது. தாத்தா காலத்துக் கல்யாணத்துக்குப் பெரும்பாலும் தனிக் காகிதம் இருக்காது. வேறு காரியத்துக்காக எழுதிய காகிதங்களில் மனைவி பெயரும் வயதும் இருக்கும். எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, அந்த இரண்டை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் விஷயத்தை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். பேரன் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தார். தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையில் மனைவி பெயர் ஒன்று, வயது 36. பத்து வருஷம் கழித்து இங்கே எடுத்த ரேஷன் கார்டில் வேறொரு பெயர், வயது 29. பேரன், “ஆத்தாவுக்கு ரெண்டு பேருங்க சார்” என்றார். அது நடக்கக்கூடியதுதான். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்றும் தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் சம்பளப் பதிவேட்டில்) ஏறிய பெயர் வேறொன்றுமாக எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். அதனால் பெயர் மாறியிருப்பதை மட்டும் வைத்து இன்னொரு தாரம் என்று முடிவு கட்டவே கூடாது. வயதைப் பாருங்கள். இரண்டு மூன்று வருஷ வித்தியாசம் எழுதினவர் குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கலாம். பத்து வருஷம் கழிந்த பிறகு வயது ஏழு குறைந்திருந்தால், அது வேறொரு பெண். அந்த அட்டையில் இருந்த மூத்த பிள்ளைகள் இருவர் ரேஷன் கார்டில் இல்லவே இல்லை.

அடுத்தது இலங்கைப் பிறப்புச் சான்றிதழ். நம் ஊர்ச் சான்றிதழைவிட அதில் விவரம் அதிகம். பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு கேள்வி உண்டு. பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் எல்லாம் கேட்டிருக்கும். தோட்டத்தில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்றும் எழுதியிருக்கலாம். அதை வைத்துக் கல்யாணமே நடக்கவில்லை என்று வாதாடுவது நியாயமல்ல, நிற்கவும் நிற்காது. நெடுநாள் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைத் திருமணமானவர்கள் என்றே அனுமானிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1978-இலேயே சொல்லிவிட்டது.

நிலம் வாங்கியவர்கள் வீட்டில் பத்திரங்களை முழுசாகப் படியுங்கள். எல்லோரும் சொத்து விவரத்தையும் நான்கெல்லையையும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். எனக்கு விஷயம் கிடைப்பது முதல் பக்கத்தில்தான். மைனர் பிள்ளைகள் பேரில் எழுதிய பத்திரத்தில் “மைனர்களுக்குத் தாயாரும் கார்டியனுமான இன்னார்” என்று ஒரு பெயர் வரும். அந்தத் தாயார் உங்கள் பாட்டி இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. ஜீவனாம்சத்துக்காக எழுதிய செட்டில்மெண்ட், பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம் இரண்டும் இதே மாதிரி பேசும். ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழ் (ஈ.சி.) ஆன்லைனில் பெரும்பாலும் 1975-இலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மேனுவல் ஈ.சி. போடவேண்டும். பி.எஃப்., கிராஜுவிட்டி நாமினி படிவங்களையும் தோட்ட ஆபீஸில் கேளுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேலை சுலபம். சர்ச் திருமணப் பதிவேட்டில் மணமகன் கல்யாணமாகாதவரா, மனைவியை இழந்தவரா என்று தனிக் கட்டமே உண்டு. மனைவியை இழந்தவர் என்றிருந்தால் அடக்கப் பதிவேட்டில் பின்னோக்கித் தேடுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேட்டைப் பார்க்கலாம். ரொம்பப் பழைய தலைமுறையைத் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, கூடலூர்ப் பக்கம் 1877 வரை மலபாரில் இருந்தது. ஊட்டியில் மட்டும் தேடினால் போதாது.

சரி, கிடைத்துவிட்டது. அப்புறம்? இந்துக்களுக்குத் தேதிதான் முக்கியம். சென்னை மாகாணத்தில் இரண்டாம் தாரத்தைத் தடுத்த சட்டம் 1949-இலேயே வந்துவிட்டது. அதற்கு முன் கட்டிய இரண்டு மனைவியரும் சட்டப்படி மனைவியர்தான். கணவர் 1956 வாரிசுரிமைச் சட்டம் வந்தபின் உயில் எழுதாமல் இறந்திருந்தால் இருவருக்கும் சேர்த்து ஒரு பங்கு. 1955 இந்து திருமணச் சட்டத்துக்குப் பிறகு, முதல் மனைவி உயிரோடும் விவாகரத்து ஆகாமலும் இருக்கும்போது கட்டிய இரண்டாம் கல்யாணம் செல்லாது. ஆனால் அதில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே. தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் அவர்களுக்குச் சமபங்கு உண்டு. கூட்டுக்குடும்பச் சொத்திலும் தகப்பனுக்கு வந்திருக்கக்கூடிய பங்கில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. தோடர், கோத்தர், இருளர் போன்ற பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. அங்கே அவர்கள் வழக்கம்தான் சட்டம்.

இதை நீலகிரியில் வைத்துப் பார்த்தால் மனசு கனக்கிறது. பல வீடுகளில் சட்டப்படியான மனைவி இலங்கையில் இருப்பவர். இங்கே அந்த மண்ணில் கொழுந்து கிள்ளி, கடனடைத்து, கடைசிவரை கஞ்சி ஊற்றியவருக்கு மனைவி என்ற முறையில் பங்கு வராது, பிள்ளைகளுக்குத்தான் வரும். இதைத் தடுக்கத் தாத்தா உயிரோடு இருக்கும்போதே ஓர் உயில் எழுதியிருந்தால் போதும். தன் சொந்தச் சொத்தை அவர் யாருக்கும் எழுதலாம். இன்று அதே நிலையில் இருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே பேசுங்கள்.

அந்தப் பேரனின் குடும்பம் மனுவில் இலங்கைப் பிள்ளைகள் இருவர் பெயரையும் சேர்த்தது. முதலில் தயங்கினார்கள். மறைத்து வாங்கும் சான்றிதழ் பின்னால் ரத்தாகும், அதை நம்பி எழுதிய கிரயமும் சிக்கலாகும் என்று விளக்கியபின் ஒப்புக்கொண்டார்கள். மூத்த மகள் அங்கிருந்து போனில், “அப்பாவோட போட்டோ ஒன்னு அனுப்புங்க தம்பி, அது போதும்” என்றார். பங்கைக் கேட்கவில்லை என்பதற்காக அதை அப்படியே விட்டுவிட முடியாது. அவர்கள் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்துப் போட, அவர்கள் எழுதித் தரும் அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) கண்டியில் உள்ள இந்திய உதவித் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று வரவேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணமும் கட்டவேண்டும். பலர் இந்தக் கெடுவைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தபால் உறையைத் தேதி முத்திரையோடு பத்திரமாக வைத்திருங்கள்.