ஏசி கேஸ் எந்த வழியாகப் போகிறது?

கோடை வந்தால் ஏசிக்கு கேஸ் ஏற்ற வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அந்த கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து செலவாவதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது. அளவு குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் ஏற்றுகிற கேஸும் அதே வழியாகத்தான் வெளியேறும்.

கேஸ் குறைந்தால் ஐஸ் கட்டுவது ஏன்? அழுத்தம் இறங்கினால் கேஸ் கொதிக்கும் வெப்பநிலையும் இறங்கும். அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் மெல்லிய குழாயிலும், அறைக்காற்றைக் குளிர்விக்கும் வளைகுழாயான காயிலின் ஒரு பகுதியிலும் வெண்பனி படியும். காயில் முழுக்க ஐஸ் கட்டியிருந்தால் முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். காற்று அடைபட்டாலும் அப்படித்தான் ஆகும்.

தேடலைக் கண்ணிலிருந்து தொடங்கலாம். கம்ப்ரசர் ஆயிலும் கேஸோடு சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். ஈரம் தண்ணீரா எண்ணெயா என்று சந்தேகம் வந்தால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் கண்ணாடி போன்ற கறையாக நிற்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ஃப்ளேர் நட்டுகள், அதாவது வாய் விரித்த செம்புக் குழாயை இணைக்கும் நட்டுகள். ஒன்றரை டன் ஏசியில் பெரும்பாலும் கால் இஞ்ச், அரை இஞ்ச் குழாய்கள் இருக்கும். குழாய் வாயை விரிக்கும்போது பிசிறு இருந்தாலோ, நட்டை அளவு மீறி முறுக்கி விளிம்பு கீறினாலோ அங்கே கசியும். முறுக்கும் விசை கால் இஞ்சுக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர், அரை இஞ்சுக்கு 50 முதல் 60 போதும். கேஸ் ஏற்றும் சர்வீஸ் வால்வின் ஊசியையும் மூடியையும் மறக்காதீர்கள்.

மூட்டுகளில் சோப்புக் கரைசல் தடவினால் கசியும் இடத்தில் குமிழ் வரும். தடவும்போது ஏசியை நிறுத்திவிடுங்கள். ஆர்-32 என்ற கேஸ் உள்ள ஏசி ஓடும்போது இண்டோர் காயிலில் ஏறக்குறைய 120 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம்தான் இருக்கும். நிறுத்திச் சற்று நேரம் கழித்து, 30 டிகிரியில், 265 வரை ஏறும். அழுத்தம் கூடினால் சிறு ஓட்டையும் காட்டிக்கொடுக்கும். பெரிய குமிழை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நுண்கசிவு ஓரிரு நிமிடம் கழித்து வெண்மையான நுரைக்கொத்தாகத்தான் திரளும். பார்த்து முடித்ததும் சோப்பைத் துடைத்துவிடுங்கள். கசிவை உணரும் எலக்ட்ரானிக் டிடெக்டர் வைத்திருந்தால் ஃபேனை நிறுத்தி, மூட்டுகளுக்கு அடிப்பக்கமாக மெல்ல நகர்த்துங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது.

இதற்கும் அகப்படவில்லையென்றால் நைட்ரஜன்தான் வழி. மிச்ச கேஸை மீட்டெடுத்த பிறகு, ரெகுலேட்டர் வைத்து 300 முதல் 400 பிஎஸ்ஐ வரை ஏற்றுவார்கள். லேபிளில் உள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றக் கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். ராத்திரி முழுக்க விட்டு வைத்தால் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். 350 பிஎஸ்ஐயில், 6 டிகிரி குளிர்ந்தாலே கசிவில்லாமல் 7 பிஎஸ்ஐ இறங்கிவிடும். அதற்கு மேல் இறங்கினால் இண்டோர், அவுட்டோர், குழாய் மூன்றையும் தனித்தனியாக அடைத்துச் சோதிக்க வேண்டும். கழற்றிய காயிலை அழுத்தத்தோடு தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் குமிழ் வரும் இடமே ஓட்டை.

வேக்கம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருப்பதைப் பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்கி, அழுத்தமானியின் முள் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பதை நான் நம்புவதில்லை. வேக்கத்தில் வெளிக்காற்றின் 14.7 பிஎஸ்ஐ மட்டுமே குழாயை அழுத்துகிறது. நுண்ணிய ஓட்டைக்கு அது போதாது.

புதிய காயிலும் ஊசித்துளை விழும். ஈரத்தோடு ஃபார்மிக், அசிட்டிக் அமில ஆவிகள் சேர்ந்து செம்பை எறும்புப் புற்றுபோல உள்ளுக்குள் அரித்துவிடும். பிளைவுட் பசை, பெயின்ட் போன்றவற்றிலிருந்து அந்த ஆவிகள் வரலாம். அப்படி ஒரு துளையை அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று விழும். காயிலையே மாற்றுவதுதான் சரி.

ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும், இன்னொரு ஏசி கேஸான ஆர்-290 (புரொப்பேன்) நன்றாகவே பிடிக்கும். தீக்குச்சியோ தீச்சுடர் டார்ச்சோ கொண்டு கசிவு தேடக் கூடாது. கேஸ் முழுக்க வெளியேறிய பிறகே வெல்டிங் வைக்க வேண்டும். ஓட்டையை அடைத்ததும் 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே வேக்கம் இழுத்து, லேபிளில் எழுதிய கிராம் கணக்கில், தராசில் வைத்து கேஸ் ஏற்ற வேண்டும்.